கேமராவோடு நாடாளுமன்றம் போன மனிதர்: சர் பெஞ்சமின் ஸ்டோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இங்கிலாந்துப் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படித் தேடும்போது திரும்பத் திரும்ப ஒரே பெயர் வரும்: சர் பெஞ்சமின் ஸ்டோன், எம்.பி. இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் எனக்கே முன்பு இருந்த சில சந்தேகங்களையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த பெஞ்சமின் ஸ்டோன்?

முழுப்பெயர் ஜான் பெஞ்சமின் ஸ்டோன். 1838 பிப்ரவரி 9 அன்று பர்மிங்காமை ஒட்டிய ஆஸ்டனில் பிறந்தார். அப்பா கண்ணாடிப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். மகனும் அதே தொழிலுக்கு வந்து நன்றாகச் சம்பாதித்தார். பிறகு உள்ளூர் அரசியல். சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற சிறுநகரத்துக்கு 1886-இல் புதிய நகராட்சி அமைந்தபோது அதன் முதல் மேயர் இவர்தான். 1892-இல் சர் பட்டம். 1895 முதல் 1910 தொடக்கம் வரை பர்மிங்காம் கிழக்குத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி.

இவை எதுவும் அவரை நினைவில் வைத்திருக்கக் காரணம் இல்லை. அந்தக் காலத்துப் பர்மிங்காமில் இப்படிப்பட்ட பணக்காரக் கனவான்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஸ்டோன் பத்தாயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்தார், சேர்த்தார், ஒவ்வொன்றுக்கும் பெயரும் தேதியும் எழுதி வைத்தார். அதனால்தான் நூறாண்டு கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டோன் என்றால் கல். பழைய கற்களைப் படமெடுத்தவருக்குப் பொருத்தமான பெயர்தான்.

தொழிலதிபர் எப்படிப் புகைப்படத்துக்கு வந்தார்?

முதலில் அவர் எடுக்கவில்லை, வாங்கினார். எங்கே பயணம் போனாலும் அந்த ஊர்க் கடைகளில் விற்கும் புகைப்படங்களை வாங்கி ஆல்பத்தில் ஒட்டுவார். ஸ்பெயின், நார்வே என்று சுற்றியவர், பயண நூல்களும் எழுதியவர். 1870-இலேயே லிச்ஃபீல்ட் பேராலயத்தின் வரலாற்றை ஒரு நூலாக எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தேவாலயங்கள் மீதான ஆர்வம் கேமராவுக்கு முன்பே வந்துவிட்டது.

கடையில் கிடைக்கும் படங்களில் ஒரு குறை உண்டு. கடைக்காரர் விற்கக்கூடியதைத்தான் எடுப்பார். கோபுரத்தின் அழகான கோணம் கிடைக்கும். ஆனால் தூணின் அடியில் இருக்கும் சிறு சிற்பமோ, கிராமத்துச் சர்ச்சின் பழைய ஞானஸ்நானத் தொட்டியோ யாருக்கு விற்கும்? தனக்கு வேண்டியது கடையில் கிடைக்காது என்று புரிந்ததும், 1880-களில் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டார். அப்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது.

நேரமும் ஒத்துழைத்தது. அதற்கு முன் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வெளியூர் போனால் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும். 1880-களில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்க ஆரம்பித்தன. எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகக் கழுவலாம். வசதியும் ஓய்வும் உள்ளவர்கள் கூட்டமாகப் புகைப்படத்துக்கு வந்தது இந்தத் தகடுகளால்தான்.

எம்.பி.யாக ஏதாவது சாதித்தாரா?

பெரிதாக இல்லை. பேச்சாளர் என்று பெயர் எடுத்தவரும் இல்லை. 1902-இல் வேனிட்டி ஃபேர் இதழ் அவரைக் கேலிச்சித்திரமாக வெளியிட்டபோது அதற்கு வைத்த தலைப்பே 'நாடாளுமன்றப் படங்கள்'. அரசியலிலும் அவர் கேமராக்காரராகத்தான் அறியப்பட்டார் என்பதற்கு இதுவே போதும்.

தேவாலயங்களைப் படமெடுக்க அப்படி என்ன அவசரம்? அவை எங்கே போகப்போகின்றன?

போய்க்கொண்டுதான் இருந்தன. இடித்ததால் மட்டுமல்ல, திருப்பணி செய்ததால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பழைய சர்ச்சுகள் 'சீரமைக்க'ப்பட்டன. பணம் இருந்தது, பக்தி இருந்தது, கட்டடக் கலைஞர்களுக்குத் தன்னம்பிக்கையும் அளவுக்கு மீறி இருந்தது. ஒரு சர்ச் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி, பதினைந்தில் விரிந்து, பதினேழில் மரப்பெட்டி மாதிரி இருக்கைகள் போட்டு, பதினெட்டில் மேல்மாடம் கட்டி வளர்ந்திருக்கும். சீரமைப்பாளர் வந்து "இதில் எது உண்மையான கோதிக்?" என்று கேட்பார். கோதிக் என்பது கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி. தனக்குப் பிடித்த நூற்றாண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பெயர்த்து எடுத்துவிடுவார். சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டுவார்கள். அதோடு சேர்ந்து இடைக்கால ஓவியங்களும் உதிரும்.

இதை எதிர்த்து, எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். டியூக்ஸ்பரி மடாலயத்தில் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் செய்யவிருந்த வேலைதான் அவருடைய பொறுமையைச் சோதித்தது. அந்தச் சங்கத்துக்குச் செல்லப்பெயரே 'சுரண்டாதே' என்கிற பொருளில் அமைந்தது.

சட்டமாவது உதவியதா? 1882-இல்தான் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் இருந்தவை 68 இடங்கள். பெரும்பாலும் ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியான வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களும் மண்மேடுகளும். வழிபாடு நடக்கிற சர்ச் அந்தப் பட்டியலில் வராது. பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் முடிவுசெய்தால், ஒரு நல்ல காலையில் தச்சர் வந்து பதினைந்தாம் நூற்றாண்டு மரத்திரையைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

கட்டடத்தைக் காப்பாற்ற முடியாவிட்டால் அதன் உருவத்தையாவது காப்பாற்றுவோம் என்ற எண்ணம் இப்படித்தான் வந்தது. ஸ்டோன் மோரிஸைப் போலப் போராட்டக்காரர் அல்ல. யாரையும் தடுக்கப் போனவர் இல்லை. இருப்பதை எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை மனநிலை அவருடையது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளைகள் இல்லாவிட்டால் என்ன தொலைந்தது என்றே தெரியாது.

இந்த வேலையை முதலில் தொடங்கியது இவர்தானா?

இல்லை. பிரான்ஸ் அரசு 1851-லேயே ஐந்து புகைப்படக்காரர்களை நாடெங்கும் அனுப்பிப் பழங்கட்டடங்களை எடுக்கச் சொன்னது. லண்டனில் 1875-இல் பழைய லண்டன் எச்சங்களைப் படமெடுக்கும் சங்கம் என்று ஒன்று தொடங்கியது. ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய வண்டிச்சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்திதான் காரணம். 1886-க்குள் அந்தச் சங்கம் 120 படங்கள் வெளியிட்டது. தகட்டின் ஓரத்தில் ஓடுகிற கூரைகளும், வேலி போட்ட முற்றங்களும், வெறிச்சோடிய சந்துகளும் இன்றைக்கும் பார்க்கப் பார்க்க அலுக்காதவை.

ஸ்டோனின் சொந்த ஊரிலேயே யோசனை வேறொருவருடையது. வில்லியம் ஜெரோம் ஹாரிசன் என்ற ஆசிரியர், நிலவியல் படித்தவர். 1889-இல் பர்மிங்காம் புகைப்படச் சங்கத்தில், வார்விக்ஷயர் மாவட்டம் முழுவதையும் படத்தில் பதியலாம் என்று திட்டம் வைத்தார். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டம். நிலவியல்காரர் பாறை அடுக்கை ஆராய்வது போலத்தான். 1890-இல் வேலை தொடங்கியது. ஹாரிசனிடம் யோசனை இருந்தது. ஸ்டோனிடம் பணம், பதவி, ஆள்பழக்கம் மூன்றும் இருந்தன. பெயர் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. ஹாரிசன் 1893-இல் சிகாகோ மாநாட்டுக்கு, உலகம் முழுக்க இதைச் செய்யலாம் என்ற யோசனையை முன்வைத்தார். இன்று அவரை அறிந்தவர்கள் மிகச் சிலர். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம் என்பது என்ன?

1897, விக்டோரியா ராணியின் வைர விழா ஆண்டு. அந்த ஆண்டில் மாவட்ட அளவில் நடந்த வேலையை நாட்டு அளவுக்குக் கொண்டுபோக ஒரு சங்கம் அமைத்தார்கள். தலைவர் ஸ்டோன், செயலாளர் ஜார்ஜ் ஸ்கேமெல். நாடெங்கும் உள்ள அமெச்சூர் புகைப்படக்காரர்கள் தங்கள் ஊர்ச் சர்ச், கோட்டை, பழைய வீடு, திருவிழா ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பவேண்டும். சேர்ந்தவற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஏற்றுப் பாதுகாக்கும். இதுதான் ஏற்பாடு.

சம்பளம் கிடையாது. வக்கீல், டாக்டர், பாதிரியார், கடை முதலாளி போன்றவர்கள் ஞாயிறும் விடுமுறையும் செலவழித்துச் செய்த வேலை. பெண்களும் சிலர் இருந்தார்கள்.

விதிகள் சுவையானவை. அச்சு நிலைத்து நிற்கும் வகையில் இருக்கவேண்டும். படத்தில் ஒப்பனை வேலை கூடாது. கெட்டி அட்டையில் ஒட்டி, என்ன, எங்கே, எப்போது, எடுத்தவர் யார் என்று எழுதவேண்டும். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் வானத்தில் வேறொரு தகட்டிலிருந்து மேகம் ஒட்டுவதைக் கலை என்று நினைத்தவர்கள். அவர்களிடம் போய் 'மேகம் வேண்டாம், தேதி போடு' என்று சொன்ன சங்கம் இது.

என்னைக் கேட்டால் ஸ்டோன் செய்த பெரிய காரியம் அந்த அட்டையில் எழுதிய இரண்டு வரிதான். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தா காலத்துப் படங்கள் ஒரு கட்டு இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறுமை. மீசை வைத்த அந்த நான்கு பேரும் எங்களுக்கு என்ன உறவு என்று சொல்லக்கூடிய கடைசி ஆளான பெரியத்தையும் போய்விட்டார். படம் மங்கவில்லை. ஆனால் அது இப்போது வெறும் நான்கு மீசைகள்.

பிளாட்டினம் அச்சு என்கிறார்களே, அது எதற்கு?

சாதாரணப் புகைப்படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளித் துகள். அந்தக் காலத்தில் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட படங்கள் சில ஆண்டுகளிலேயே மஞ்சளடித்து மங்கும். எதிர்காலத்துக்கு என்று எடுக்கிற படம் எதிர்காலம் வரை தாங்கவேண்டும் அல்லவா? பிளாட்டினம் எளிதில் எதனோடும் வினைபுரியாத உலோகம். அதில் அச்சிட்டால் படம் தாளின் ஆயுள் வரைக்கும் இருக்கும். வில்லியம் வில்லிஸ் 1873-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கரி சேர்ந்த கார்பன் அச்சும் இதே காரணத்துக்காக ஏற்கப்பட்டது.

ஸ்டோனின் அச்சுகள் பெரும்பாலும் பிளாட்டினம். பளபளப்பு இருக்காது. மென்மையான சாம்பல் நிறங்கள், பென்சில் சித்திரம் மாதிரி. பழைய கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது.

இருட்டான சர்ச்சுக்குள் மின்விளக்கு இல்லாமல் எப்படிப் படமெடுத்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமரா ஒரு மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் துருத்தி மாதிரி மடியும் தோல். முக்காலியில் நிறுத்தி, தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் சர்ச் முழுவதும் தலைகீழாகத் தெரியும். விதானம் கீழே, தரைக்கல் மேலே. அந்தத் தலைகீழ்க் காட்சியில் தூண்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். அதனால் பெட்டியை மட்டமாகவே வைத்து, லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்குவார்கள். நல்ல சர்ச் படத்தில் தூண் செங்குத்தாக நிற்பது இந்தச் சின்னத் தந்திரத்தால்.

பிறகு தேய்த்த கண்ணாடியை எடுத்துவிட்டு, மருந்து பூசிய தகட்டைச் செருகுவார்கள். 'முழுத் தகடு' என்பது எட்டரைக்கு ஆறரை அங்குலம். ஒரு டஜன் தகடே சுமார் இரண்டு கிலோ வரும். கேமரா, முக்காலி, தகட்டுச் சட்டங்கள் எல்லாம் சேர்த்துச் சுமக்க ஓர் ஆள் வேண்டும்.

முன்னால் இருக்கிற கல்லறையும் தூரத்துப் பலிபீடமும் ஒருசேரத் தெளிவாக வரவேண்டும் என்றால் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கவேண்டும். துவாரம் சிறிதானால் வெளிச்சம் குறையும். மங்கலான சர்ச்சுக்குள் பத்து நிமிடம், அரை மணி, சமயத்தில் அதற்கும் மேல் லென்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இதற்கிடையே யாராவது கையில் துடைப்பத்தோடு குறுக்கே நடந்து போனால் கவலையில்லை. அவர் படத்திலேயே விழமாட்டார். விக்டோரியா காலத்துச் சர்ச் படங்கள் ஆளே இல்லாமல் வெறிச்சோடித் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆள் இருந்திருப்பார், நின்றிருக்கமாட்டார்.

இன்னொரு தலைவலி ஜன்னல். வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் தகட்டைத் துளைத்துப் பின்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஜன்னலைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை வட்டத்தை உண்டாக்கிவிடும். இதைத் தடுக்கத் தகட்டின் பின்பக்கம் கரிய பசை பூசுவார்கள். கருக்கிய சர்க்கரைப் பாகு அதற்கு நல்ல மருந்து. படத்தைக் கழுவுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இருண்ட மூலைகளுக்கு, வெளியே ஒருவரை நிறுத்திக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. மெக்னீசியம் எரிக்கலாம்தான். ஆனால் புகை மண்டும், பழைய மரக்கூரைக்கு நெருப்பு ஆகாது.

எம்.பி. பதவி இதற்கு உதவியதா?

நிறையவே. சாதாரண அமெச்சூருக்குத் திறக்காத கதவுகள் அவருக்குத் திறந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கல்லறைகள், முடிசூட்டு நாற்காலி, லண்டன் கோபுரக் கோட்டை என்று பொதுமக்கள் எட்டிப் பார்க்கும் இடங்களில் அவர் முக்காலி போட்டு நின்று நிதானமாக எடுத்திருக்கிறார். நாடாளுமன்றக் கட்டடத்தின் உள்ளறைகளும் அவருக்குத் திறந்தன. நாடாளுமன்றம் தொடங்குவதற்கு முன், விளக்கைத் தூக்கிக்கொண்டு நிலவறைகளைச் சோதிக்கும் பழைய சடங்கு ஒன்று உண்டு. 1605-இல் வெடிமருந்து வைத்த சதிக்குப் பிறகு வந்தது. அதற்காக வரும் அரண்மனைக் காவலர்களையும் நிறுத்திவைத்து எடுத்தார்.

1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்டபோது அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக இருந்தவரும் இவரே.

நாடாளுமன்றத்தில் ஆட்களையும் எடுத்தாராமே?

நாடாளுமன்ற அவை கூடியிருக்கும்போது உள்ளே படமெடுக்க முடியாது. அதனால் தேம்ஸ் நதியை ஒட்டிய நீண்ட வெளிமாடத்துக்கு ஆட்களை அழைத்துவந்துவிடுவார். அங்கே நதிப்பக்கத்து வெளிச்சம் நன்றாக விழும். பின்னணிக்கு ஒரு கோதிக் வாசல் வளைவு. பிரபு, தொழிற்கட்சிக்காரர், வந்துபோகும் விருந்தாளி எல்லோருக்கும் அதே வாசல், அதே தூரம்.

தொழிற்கட்சித் தலைவர் கேர் ஹார்டி நின்றார். மஞ்சர்ஜி பவநகரியும் நின்றார். இந்தப் பம்பாய்ப் பார்சி, ஸ்டோன் ஜெயித்த அதே 1895 தேர்தலில் அதே கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் ஜெயித்து வந்தவர். அதே தேர்தலில்தான் தாதாபாய் நௌரோஜி தன் எம்.பி. இடத்தை இழந்தார். காவலர்கள், ஊழியர்கள் ஆகியோரையும் ஸ்டோன் அதே மரியாதையோடு எடுத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் ஒன்று இருக்கிறது. 1905-இல் காங்கோவின் இட்டூரி காட்டிலிருந்து ஆறு பேரை ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ராணுவ அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மேடைகளில் காட்டினார். (மேலே சொன்ன ஆசிரியர் ஹாரிசன் வேறு.) அவர்கள் நாடாளுமன்றத்துக்கும் அழைத்துவரப்பட்டார்கள். மாடத்தில் ஸ்டோன் அவர்களையும் எடுத்தார். பக்கத்தில் நிற்கும் கனவான்களின் தொப்பிகளையும் அந்த ஆறு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தால், யார் யாரை வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது புரியும். சர்ச் வாசலைப் போலவே மனிதர்களையும் 'பதிவு' செய்கிற பார்வை அது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

திருவிழாப் படங்களில் முக்கியமானது எது?

ஸ்டாஃபோர்ட்ஷயரில் அபட்ஸ் பிராம்லி என்ற கிராமம். ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அங்கே கொம்பு நடனம் நடக்கும். ஆறு ஆண்கள் ஆளுக்கொரு ஜோடிக் கலைமான் கொம்பைத் தோளில் தாங்கி நாள் முழுக்க ஊரைச் சுற்றி ஆடுவார்கள். கூடவே ஒரு கோமாளி, ஒரு பொய்க்கால் குதிரை, பெண் வேடமிட்ட ஆண், வில்லேந்திய பையன், இசைக்காரர். கொம்புகளைச் சர்ச்சில்தான் வைத்திருக்கிறார்கள். கனமான ஜோடி பதினொரு கிலோவுக்கும் மேல். 1970-களில் அவற்றைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்தபோது பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது.

ஸ்டோன் எடுத்த படத்தில் யாரும் ஆடவில்லை. கொம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு நிற்பது மாதிரி. அந்த நிற்பில்தான் எல்லாம் தெரிகிறது. உடையின் தையல், பூட்ஸின் தேய்மானம், 'சீக்கிரம் முடியுங்கள் ஐயா' என்கிற முகபாவம். ஆட்டத்தை எடுத்திருந்தால் இதெல்லாம் கலங்கிப்போயிருக்கும்.

கோர்பியின் கழித் திருவிழா, ஹங்கர்ஃபோர்டின் ஹாக்டைட் போன்றவற்றையும் அவர் தேடிப்போய் எடுத்திருக்கிறார்.

இந்த வழக்கங்கள் எல்லாம் உண்மையிலேயே பழையவைதானா?

சில பழையவை. சில இல்லை. நட்ஸ்ஃபோர்டின் மே தின ஊர்வலத்தைப் பழைய இங்கிலாந்தின் எச்சம் என்பது போல எடுத்திருக்கிறார். அது தொடங்கியது 1864-இல். ஸ்டோன் அங்கே கேமராவோடு போனபோது அவரைவிட அந்த 'மரபு' இருபத்தாறு வயது இளையது! கொம்பு நடனத்தில்கூடக் கொம்புதான் பழையது. ஆட்டக்காரர்கள் அணிந்திருந்த உடை 1880-களில் பாதிரியார் குடும்பத்தார் முயற்சியில் தைத்தது.

தொழிற்சாலைப் புகையில் மூச்சுத்திணறிய ஒரு தலைமுறை, கிராமத்துப் பசுமையை நினைத்து ஏங்கியது. ஸ்டோனின் பணமும் அதே புகையிலிருந்து வந்ததுதான். படங்களைப் பார்க்கும்போது இதையும் கூட வைத்துப் பார்த்தால் சுவாரசியம் கூடும். பர்மிங்காமின் நெருக்கடியான குடியிருப்புகளையோ தொழிலாளர் வாழ்க்கையையோ அவர் மாளிகைகளையும் சர்ச்சுகளையும் தேடியது போலத் தேடிப் போகவில்லை.

அவரை நல்ல கலைஞர் என்று சொல்லலாமா?

அவரே சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைய நவீனக்காரர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். 1892-இல் 'இணைந்த வளையம்' என்ற குழு பிரிந்துபோய், மூடுபனி போல மங்கலாக்கிய படங்களை எடுத்து, புகைப்படமும் ஓவியத்துக்குச் சமம் என்றது. அவர்கள் கண்ணில் ஸ்டோன் ஒரு பட்டியல்காரர்.

அவருடைய படங்கள் பல அலுப்பானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரிசையாக ஐம்பது படம் பார்த்தால் கொட்டாவி வரும். நடுவில் வைத்து, நேராக நின்று, எல்லாம் தெளிவாக. ஆனால் அந்த மூடுபனிப் படங்களில் சர்ச் கதவின் ஆணி எத்தனை என்று எண்ணமுடியாது. ஸ்டோனின் படத்தில் எண்ணலாம்.

சங்கம் ஏன் நின்றுபோனது?

1910-இல் கலைத்துவிட்டார்கள். ஆர்வம் குறைந்தது. ஊர் ஊருக்குத் தனிச் சங்கங்கள் இருந்தன. அவை தங்கள் படங்களைத் தங்கள் ஊர் நூலகத்திலேயே வைக்க விரும்பின. லண்டனுக்கு எதற்கு அனுப்பவேண்டும் என்று கேட்டால் நியாயம்தானே? ஸ்டோனுக்கும் எழுபது தாண்டிவிட்டது, அதே ஆண்டு எம்.பி. பதவியும் முடிந்தது. அதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட அச்சுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்தன. தனியாளாக மிக அதிகம் கொடுத்தவர் ஸ்டோன்.

அவருடைய கடைசிக் காலம்?

1914 ஜூலை 2 அன்று காலமானார். சில நாள்களிலேயே மனைவி ஜேனும் போய்விட்டார். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது.

இப்போது படங்கள் எங்கே இருக்கின்றன? நாம் பயன்படுத்தலாமா?

பெரிய தொகுப்பு பர்மிங்காம் நூலகத்தில் இருக்கிறது. அவர் எடுத்தவையும் வாங்கிச் சேர்த்தவையுமாகச் சுமார் 22,000 அச்சுகள். கண்ணாடி நெகட்டிவ்களும் ஆல்பங்களும் தனி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சங்கத்தின் தொகுப்பு பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு மாறியது. நாடாளுமன்ற முகங்கள் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் நிறைய உண்டு. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

எடுத்தவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அவர் எடுத்த படங்களின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஸ்கேன் செய்த கோப்பைப் பயன்படுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி நிபந்தனைகள் இருக்கும். அச்சில் போடுவதாக இருந்தால் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பின்னால் வந்தவர்கள் யாராவது இவரைப் பின்பற்றினார்களா?

அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் சீண்டவில்லை. 1960-களின் கடைசியில் டோனி ரே-ஜோன்ஸ் என்ற இளைஞர், இங்கிலாந்துக்காரர்களின் விநோதமான விழாக்களையும் விடுமுறைகளையும் எடுக்கக் கிளம்பியபோது ஸ்டோனின் படங்களைத் தேடிப் பார்த்தார். ஹோமர் சைக்ஸ் 1970-களில் அதே சடங்குகளைத் தேடி ஊர் ஊராகப் போனார். இருவருடைய படங்களிலும் அசைவு உண்டு, கிண்டல் உண்டு. ஓரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடும் ஆளும் உண்டு. ஸ்டோன் அந்த ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்.

புதிதாகப் பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பேராலயங்களை விட்டுவிடுங்கள். அவை இன்னும் நிற்கின்றன. வார்விக்ஷயர் கிராமம் ஏதாவதொன்றின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு சர்ச் வாசல் வரும். வளைவில் பல்பல்லாக வெட்டிய நார்மன் காலத்து (பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டு) வேலைப்பாடு. அதைப் பார்த்து முடித்ததும் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களுக்குப் போங்கள். கதவில் ஆணியடித்த அறிவிப்புத் தாள், சுவரில் சாய்த்துவைத்த ஏணி, பாதி வெட்டிய புல். அட்டையின் அடியில் ஊரின் பெயரும் தேதியும் இருக்கும்.